மூணு பொட்டியில வந்த போகஸ் லைட்டு

அது கெடக்குது வுடு தங்கச்சி. அவ சொன்னா சொல்லிட்டுப் போறா. ஒம் மவன் மாட்டுக் கொட்டாயில போகஸ் லைட்டு போட்டதுக்கு, எதுத்த வூட்டுக்காரி கொழாயடியில நின்னுக்கிட்டு என்ன ஏத்தம் பேசுறா! "ராத்திரியில நாங்க தூங்குறதா, எந்திரிச்சுக் கோலம் போடுறதா"ன்னு கேக்குறா. போடேன், ஒன்னய யாரு வேணாங்குறா? பகல்லயே அவ வாசல்ல கோலத்தக் காணும்.

எனக்கு ஒண்ணும் கோவமில்ல. என் ஜன்னல் வழியாவும்தான் விழுவுது. நேத்து படுத்துக்கிட்டே பாக்குறேன், செவுத்துல பல்லி ஒண்ணு ஓடுது, அது நெழலு உடும்பு தண்டி தெரியுது. தனியாக் கெடந்து சிரிச்சேன். எம் மருமவ எந்திரிச்சு வந்து, "என்ன அத்தே, ஒடம்பு சரியில்லியா"ங்குறா. சிரிச்சா ஒடம்பு சரியில்லன்னு அர்த்தமாம்.

உக்காரு, உக்காரு. வெத்தல போடுறியா? சுண்ணாம்பு காஞ்சு கெடக்கு, தண்ணி தொட்டுக்க. நீ இந்தத் தெருவுக்கு வந்து ரெண்டு தையாவுது, ஒனக்கு இந்தக் கத தெரியாது. இந்தத் தெருவுக்கு மொத மொத போகஸ் லைட்டு கொண்டாந்தது யாருன்னு நெனக்கிற? எந் தம்பி. அதுக்காவ அவன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தது யாருன்னு நெனக்கிற? நாந்தான்.

சிரிக்காத. நெசம்.

அப்ப இந்தத் தெருவுல எல்லாரும் பண்ணையாளுங்க. பெரிய வூட்டு நெலத்துலதான் நடவு, கள, அறுப்பு, எல்லாம். சர்க்காரு உச்சவரம்புன்னு சட்டம் போட்டுச்சு. ஒருத்தருக்கு இவ்ளோதான் நெலம், மிச்சத்த இல்லாதவங்களுக்குக் குடுன்னு. சட்டம் போட்டா நெலம் நடந்தா வரும்? சங்கத்துக்காரவங்க கொடி புடிச்சு, எங்க ஆளுங்க அடிபட்டு, தாசில்தாரு ஆபீசு வாசல்ல கெடயா கெடந்துதான் பதினோரு குடும்பத்துக்குத் துண்டு துண்டா அளந்து வுட்டாங்க. எங்களுக்கும் ஒண்ணு. அந்த வருசம் சம்பா போட்டோம். எங் கையால எத்தினி நாத்து நட்டுருப்பேன், நம்ம வயலுன்னு நட்டது அதான் மொத தடவ. நட்டுட்டு வரப்புல ஏறி நின்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். எங்க வூட்டுக்காரரு, "ஏன், ஓடிப் போயிடுமா?"ங்குறாரு.

ஓடத்தான் பாத்துச்சு. பெரிய வூட்டுல கோர்ட்டுல கேசு போட்டுட்டாங்க. நெலம் இன்னும் எங்க சாகுபடியிலதான் இருக்கு, இவங்க எல்லாம் எங்க கூலியாளுங்கன்னு. சங்கத்துக்காரரு ஒருத்தரு வந்து எங்களுக்கு வெவரமாச் சொன்னாரு. "இங்க பாருங்க, யாரு களத்துல நெல்லு விழுவுதோ அவங்க சாகுபடின்னுதான் கோர்ட்டுல பேசுவாங்க. என்ன ஆனாலும் பெரிய வூட்டுக் களத்துல மட்டும் ஒங்க கதிருக் கட்டக் கொண்டு போயி அடிச்சுடாதீங்க. அடிச்சீங்க, அம்புட்டுதான், நெலம் போச்சு." அதனால எங்க துண்டு ஒண்ணுலயே ஒரு மூலையக் கொத்தி, தட்டி, சாணி போட்டு மொழுவி நாங்களே ஒரு களம் பண்ணிக்கிட்டோம். களம் இருக்கு. அடிக்கிறதுக்கு நேரம் எங்க இருக்கு? அறுப்புக் காலத்துல பகலெல்லாம் கூலிக்குப் போவணும், போனாத்தான் அடுப்பு எரியும். நம்ம நெல்ல அடிக்கிறதுன்னா பொழுது சாஞ்ச பொறவுதான். முந்தின வருசம் பெரிய வூட்டுல கட்ட அடுக்கி வச்ச போரே நாலு நாள் கெடந்து மழையில மொளச்சுப் போச்சு. அவங்களுக்குப் போனா ஒரு போரு. எங்களுக்குப் போனா?

அரிக்கேன் வெளக்குல கட்டடிச்சா, பாதி நெல்லு வைக்கோல்லயே போயிடும். பெட்ரமாஸ் வைக்கலாம்னா, வைக்கோலுப் பக்கத்துல நெருப்பு. அந்தக் காலத்துல எங்க தெருவுல நெருப்புன்னாலே பொம்பளைங்களுக்குக் கொல நடுங்கும், அதப் பத்தி இப்ப வேணாம். மாயவரத்துல மைக்செட்டுக்காரரு ஒருத்தரு போகஸ் லைட்டு வாடகைக்கு வுடுவாரு. போய்க் கேட்டா, "தேர்தல் வருதும்மா, மாசிக் கடைசி வரைக்கும் எல்லாம் கட்சிக்காரங்க சொல்லி வச்சிட்டாங்க"ங்குறாரு. இந்தக் கட்சி மேலத் தெருவுல கூட்டம் போட்டு நாட்ட வெளிச்சமாக்குறேங்குது, அந்தக் கட்சி கீழத் தெருவுல கூட்டம் போட்டு நாட்ட வெளிச்சமாக்குறேங்குது. நடுவுல நாங்க இருட்டுல.

எந் தம்பி அப்ப சிங்கப்பூருல கப்பல்ல மூட்ட எறக்குற வேல. அவன் எழுதுன கடுதாசிய தபால்காரருதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவாரு. ஒரு கடுதாசியில, "அக்கா, இங்க ராத்திரி பகலுன்னு கெடயாது, கம்பம் கம்பமா போகஸ் லைட்டு, கீழ விழுந்த ஊசிய எடுக்கலாம்"னு எழுதியிருந்தான். எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தபால்காரர வுட்டு எழுதச் சொன்னேன். "தையில வர்றப்ப அதுல ஒண்ணு கொண்டாடா தம்பி."

அதுக்கு அவன் எழுதுறான், "கொண்டாறேன்க்கா. ஆனா நாவப்பட்டணத்துல கப்பல வுட்டு எறங்குனா கஸ்டம்ஸ்காரங்க பொட்டியத் தொறந்து பாப்பாங்க. பெரிய சாமானா இருந்தா வரி கூடப் போடுவாங்க. என்ன பண்றது?"

இங்கதான் எம் புத்தி வேல செஞ்சுச்சு. பெரிய வூட்டுக் களத்துல வேல முடிஞ்சு வர்றப்ப, அவங்க பண்ணையப் பாத்துக்குற காரியக்காரரு களத்து மொனையில நிப்பாரு. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா மடிய உதறிக் காட்டிட்டுத்தான் தாண்டணும். கர்ப்பிணின்னாலும் சரி, கெழவின்னாலும் சரி. அவரு மேலயும் தப்பில்ல, அவருக்குச் சோறு அதுலதான். புள்ள பசின்னு அழுவுறப்ப எவ ஒரு கை நெல்லு எடுக்காம வருவா? மடிய உதறுனா விழும், கொசுவத்துல சொருவுனது விழாது. ஆனா ஒருத்தி கொசுவத்துல எவ்ளோ நிக்கும்? துருத்திக்கிட்டுத் தெரியும். அதனால மூணு பேரு, நாலு பேரா ஆளுக்கு ஒரு கை பிரிச்சுக்குவோம். வூட்டுக்கு வந்து ஒரே மொறத்துல கொட்டிச் சேத்துக்குவோம். ஒரு நாள் மாட்டுனதில்ல.

அதத்தான் எழுதச் சொன்னேன். "தம்பி, ஒரு மடியில வைக்காத. மூணு மடியில பிரிச்சுப் போடு." தபால்காரரு பேனாவ நிறுத்திட்டு என்னய ஒரு பார்வ பாத்தாரு. பாத்துட்டு எழுதுனாரு.

தை பொறந்து அறுப்பும் ஆரம்பிச்சுது. எங்க கதிரு அறுத்து, கட்டுக் கட்டி, எங்க களத்து ஓரமாப் போரு போட்டாச்சு. கப்பலு வர்ற அன்னைக்கு நான் மாயவரம் போயி, பஸ்ஸு மாறி, நாவப்பட்டணம் போயிட்டேன். கப்பலு கடல்லயே தள்ளி நிக்கும், படவுல ஏத்திக் கரைக்குக் கொண்டாருவாங்க. கரையில பெரிய கொட்டாயி, அதுதான் கஸ்டம்ஸ். எங்கள எல்லாம் வெளியில கயித்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டாங்க. ஆனா நான் முண்டி மொத வரிசைக்கு வந்துட்டேன். கல்யாணப் பந்தியில எடம் புடிச்ச கை, வுடுமா? உள்ள நடக்குறது எல்லாம் தெரியுது, பேசுறதும் கேக்குது.

எந் தம்பி வந்தான். அவங்கூட ரெண்டு பேரு, ஒருத்தரு திருவிடைமருதூருக்காரரு, ஒருத்தரு கோடியக்கரைப் பக்கம் வல இழுக்குறவரு. மூணு பேரும் தெரியாதவங்க மாதிரி மொகத்த வச்சிக்கிட்டு தள்ளித் தள்ளி நிக்கிறாங்க. பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. கடைசிக் கடுதாசியில எழுதியிருந்தபடி பல்பு எந் தம்பி பொட்டியில. பல்ப மாட்டுற தகரக் கூடு மருதூருக்காரரு பொட்டியில. நிறுத்துற கம்பி கோடியக்கரையாரு பொட்டியில. எம் புத்திசாலித்தனத்த நெனச்சு எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஆபீசரு கொஞ்சம் வயசானவரு, மூக்குக் கண்ணாடி. எந் தம்பி பொட்டியிலேர்ந்து பல்ப எடுத்துப் பாத்தாரு. அது குண்டு பல்பு இல்ல, வெரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குச்சி. "இது எதுக்குய்யா?"

"வூட்டுல போட சார்."

"இத வூட்டுல போட்டா வூடு வெந்துடும்யா. தள்ளி நில்லு."

அடுத்து மருதூருக்காரரு. தகரக் கூட்டத் தொறந்தா உள்ள பளபளன்னு வளஞ்ச தகடு. "இது என்ன?"

"மொகம் பாக்குற கண்ணாடி சார். சம்சாரத்துக்கு."

ஆபீசரு அதுல குனிஞ்சு பாத்தாரு. அவரு மூக்கு பூசணிக்காயாட்டம் தெரிஞ்சிருக்கும் போல, வெடுக்குன்னு தலைய எடுத்துட்டாரு. "ஒன் சம்சாரத்து மேல ஒனக்கு என்னய்யா கோவம்? நீயும் தள்ளி நில்லு."

கோடியக்கரையாரு கேக்குறதுக்கு முன்னாடியே, "வல காயப்போடுற கம்பி அய்யா"ன்னாரு. வல காயப்போட எவனாவது சிங்கப்பூருலேர்ந்து கம்பி கொண்டாருவானா?

மூணையும் மேசையில வரிசையா வச்சாங்க. சின்ன ஆபீசரு ஒருத்தரு பெரியவரு காதுல என்னவோ சொன்னாரு. பெரியவரு மொகம் மாறிப் போச்சு. "ஏய், கடக்கரை ஆளு ஒருத்தன், வளஞ்ச கண்ணாடி, இவ்ளோ பவரான பல்பு. கள்ளப் படவுக்கு ராத்திரியில வெளிச்சம் காட்டவா? நெசத்தச் சொல்லுங்க. இல்லன்னா மூணு பேரும் போலீசுலதான் சொல்லணும்."

தம்பி ஜெயிலுக்குப் போவணும், லைட்டு சர்க்காருக்குப் போவணும், போரு மழைக்குப் போவணும், நெலம் கோர்ட்டுக்குப் போவணும். எல்லாம் நான் சொல்லி எழுதுன ஒரு வரியால. கயித்துக்குக் கீழ குனிஞ்சு உள்ள ஓடிட்டேன். ஒரு காவக்காரரு "ஏ கெழவி"ன்னாரு. அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசுகூட ஆவல, அத வேற மனசுல குறிச்சுக்கிட்டேன்.

"அய்யா, அது மூணும் ஒண்ணுதான்யா! கண்ணாடியும் இல்ல, வலக்கம்பியும் இல்ல. நாந்தான் பிரிச்சுக் கொண்டாரச் சொன்னேன்."

தம்பி, "அக்கா, வாய மூடு"ன்னு பல்லக் கடிக்கிறான்.

"நீ மூடுடா. அய்யா, அது போகஸ் லைட்டு. நாங்க கட்டடிக்க." அப்புறம் நான் நிறுத்தல. உச்சவரம்பு, கேசு, களம், போரு, மொளச்ச நெல்லு, ரெண்டு கட்சிக் கூட்டம், மடி உதறுறது, கொசுவம், எல்லாத்தயும் கொட்டிட்டேன். பின்னாடி எறங்குன சனம் பொட்டியோட நிக்குது, நான் பேசிக்கிட்டே இருக்கேன். அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"ஏம்மா, இத மொதல்லயே சேத்துக் கொண்டாந்திருந்தா எனக்கு வேலயே இல்லியே"ன்னாரு. ஒரு தடிப் பொஸ்தவத்தத் தொறந்தாரு. தங்கச்சி, அதுல ஒலகத்துல உள்ள சாமான் எல்லாம் எழுதியிருக்காம்! வெளக்குன்னா ஒரே வெளக்கு இல்லியாம். வெறும் பல்பா வந்தா அதுக்கு ஒரு எடம், ஒரு வரி. வண்டியில மாட்டுற வெளக்குன்னா வேற எடம். கையில புடிச்சுக்கிட்டுப் போற பேட்டரி வெளக்குக்கு வேற. படம் புடிக்கிறதுக்குன்னே செஞ்சதுன்னா அது வேற. பல்பும் கூடும் தாங்கியுமா ஒரு எடத்துல நிறுத்தி வெளிச்சம் போடுறதுன்னா, அது முழு வெளக்கு, அதுக்குத் தனி எடம். "கழட்டி வச்சிருந்தாலும், எல்லாம் ஒண்ணா ஒருத்தரோட வந்தா முழு சாமானாத்தான் எழுதணும். இப்புடி மூணு பேரு மூணு பொய் சொன்னா எதுலம்மா எழுதுறது?"

"நம்ம தாசில்தாரு மண்ணப் பாத்து நஞ்சை, புஞ்சை, தரிசுன்னு எழுதி அதுக்குத் தக்கன கிஸ்தி போடுற மாதிரிங்களாய்யா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப தரிசுன்னு எழுதிடுங்கய்யா."

கொட்டாயே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. ஆனா சிரிச்சுட்டு, "எரிய வுட்டுக் காட்டு. சொன்னது நெசமான்னு பாக்கணும்"னாரு.

மூணு பேரும் ஒக்காந்து மாட்டுனாங்க. கோடியக்கரையாரு கையிதான் வெரசா வேல செஞ்சுது, வல முடிச்சுப் போட்ட கை. பொழுது சாஞ்சிடுச்சு. கொட்டாயில நூலாம்படை புடிச்ச ஒரு குண்டு பல்புதான் எரியுது, அந்த வெளிச்சத்துலதான் பாவம் அவங்க பேரேடு எழுதுறாங்க. சொருவி சுச்சப் போட்டான் எந் தம்பி. அடியாத்தே! சூரியன் கொட்டாய்க்குள்ள எறங்கிட்ட மாதிரி. உத்தரத்துல தூங்குன பொறா எல்லாம் விடிஞ்சிடுச்சுன்னு படபடன்னு பறக்குது. சின்ன ஆபீசரு மேசைக்கு அடியில பாத்து, "சார், போன வாரம் காணாப் போன சீலு!"ன்னு கத்துறாரு. குனிஞ்சு எடுத்தாரு பாரு, டப்புன்னு பீசு போயிடுச்சு. மறுபடி இருட்டு. அந்த இருட்டுல பெரியவரு கொரலு மட்டும் வருது. "வெளக்குதான். எழுதிக்கய்யா."

எழுதுறதுலயும் ஒரு சிக்கலு. மூணு பேருன்னு பிரிச்சப்ப ஆளுக்குக் கொஞ்சம் சாமானு வரியில்லாமக் கொண்டாரலாம். ஒருத்தன் பேருல சேத்ததும் அளவு தாண்டிடுச்சு. தம்பி ஒரு டேப்ரெக்கார்டரு வாங்கியாந்திருந்தான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம், பொண்ணுக்குப் பாட்டுன்னா உசுருன்னு கேள்விப்பட்டு வாங்குனது. ரெண்டுக்கும் சேத்து வரி கட்ட அவங்கிட்ட காசு இல்ல. ஆபீசரு, "இத இங்க வுட்டுட்டுப் போ, சீட்டு தர்றேன், திரும்பிக் கப்பல் ஏறுறப்ப எடுத்துக்க. லைட்டுக்கு மட்டும் வரி கட்டு"ன்னாரு. தம்பி பொட்டியப் பாத்தான். என்னயப் பாத்தான். டேப்ரெக்கார்டர எடுத்து மேசையில வச்சுட்டான். அவன் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் சொல்லுவா, "எம் பாட்டப் புடுங்கி ஒங்க களத்துல வெளிச்சமாப் போட்டுக்கிட்டீங்க அண்ணி"ன்னு. சொல்லிட்டு அவளே பாட ஆரம்பிப்பா. நாங்க அது டேப்ரெக்கார்டரு இல்லாத குறைதான்னு சகிச்சுக்குவோம்.

மறுநாள் பஞ்சாயத்துக் கம்பத்துலேர்ந்து லைன்மேனக் கேட்டு ஒயரு இழுத்தோம். அவரு பாவம், நல்ல மனுசன், "ரெண்டு மூணு நாளுதான்"னு கண்டுக்காம வுட்டாரு. லைட்டு எரிஞ்ச ஒடனே எங்க மாமியா அதுக்குச் சூடம் காட்டிட்டாங்க. தெருவே களத்துல. தூசி தங்கமாப் பறக்குது. கல்லுல கட்டடிக்கிற சத்தம் தவிர ஒரு பேச்சு மூச்சு இல்ல, நான் உள்பட. ரெண்டு ராத்திரியில பதினோரு குடும்பத்துப் போரும் எங்க களத்துலயே நெல்லா விழுந்துச்சு. நெல்ல அள்ளிப் பாத்தேன், மடியில போடணும்னு தோணல.

மூணாம் நாளு மேக்கால மேகம் கருக்குது. பெரிய வூட்டம்மா வந்தாங்க, வயக்காட்டு வழியா, தனியா. அவங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் மெட்ராசுக்குப் படிப்பு, உத்தியோகம்னு போயிட்டாங்க. கேச நடத்துறது அவங்க, போர காக்குறது இந்தம்மா. என்னய எப்பவும் "ஏடி"ம்பாங்க. அன்னைக்கு, "ஏம்மா, எங்க போரும் கெடக்குது. மழை வரும் போல இருக்கு. அந்த லைட்ட எங்க களத்துக்குக் குடுப்பியா?"ன்னாங்க.

பொம்பளைங்க எல்லாம் என்னயப் பாக்குறாங்க. ஒருத்தி, "மொளைக்கட்டும் வுடுக்கா"ங்குறா. மொளச்ச நெல்லு யாரு வூட்டுதா இருந்தா என்ன தங்கச்சி, பாக்கச் சகிக்குமா? ஆனா ஒயரு அங்க எட்டாது. எட்டுனாலும் எங்க லைட்டு அந்தக் களத்துல எரிஞ்சா அதயும் கோர்ட்டுல பேசுவாங்க. நான் சொன்னேன், "லைட்டு வராதும்மா. கட்டு வேணும்னா இங்க வரட்டும். கூலிக்கு அடிச்சுத் தர்றோம்."

"சரி, அனுப்புறேன்"னாங்க.

வண்டி வண்டியாக் கட்டு வந்துச்சு. பெரிய வூட்டு நெல்லு எங்க களத்துல விழுந்துச்சு தங்கச்சி! சங்கத்துக்காரரு சைக்கிள்ள வந்து பாத்துட்டு, "என்னாங்க இது, இனிமே அவங்க நெலமும் ஒங்க சாகுபடியா?"ன்னு சிரிக்கிறாரு. அந்தக் கேசு அப்புறம் எத்தினியோ வருசம் இழுத்து, கடைசியில பட்டா எங்க பேருக்கே வந்துச்சு, அது வேற கத.

அன்னைக்கு அடிச்சு, தூத்தி, மூட்ட கட்டி முடிக்கிறப்ப வானம் வெளுக்குது. காரியக்காரரு களத்து மொனையில நிக்கிறாரு, பழக்கம். நாங்களும் கூலிய வாங்கிக்கிட்டு வரிசையாப் போறோம். மொதல்ல போனவ அவர் முன்னாடி நின்னு மடிய உதறுனா. அவளுக்கும் பழக்கம். ரெண்டாமவளும் உதறுனா. மூணாவது நான். முந்தானையில கை வச்சேன். வச்ச கை நின்னு போச்சு. திரும்பிக் களத்தப் பாத்தேன், அவரப் பாத்தேன்.

"காரியக்காரரே, இது யாரு களம்?"

அவரு சுத்தியும் பாக்குறாரு. லைட்டு இன்னும் எரியுது, மொகம் நல்லாத் தெரியுது.

பின்னாடி ஒரு கொரலு, எங்க மாமியாதான், "அடுத்தவங்க களத்த வுட்டுப் போறவங்கதான உதறிக் காட்டணும்? நீங்க காட்டுங்க"ன்னாங்க.

அவரு தோள்ல கெடந்த துண்ட எடுத்தாரு. ரெண்டு கையாலயும் புடிச்சு, எங்க முன்னாடி, நல்லா ஓங்கி உதறுனாரு. தூசியோட நாலு நெல்லு பறந்து கீழ விழுந்துச்சு. அவரே சிரிச்சுட்டாரு. அப்புறம் நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, எங்க மாமியாளுக்கு வெத்தல பொரையேறி, முதுகுல ரெண்டு தட்டு தட்ட வேண்டியதாப்…

ஏய்! சூ! சூ! அந்த ஆட்டப் பாரு, மாடிப்படியில ஏறிடுச்சு, அங்க உளுந்து காயுது! நீ ஒக்காரு தங்கச்சி, அந்தக் குச்சிய மட்டும் இப்புடி எடுத்துக் குடு.